கைப்பிடியின் கால் சுற்றும் நான் செய்த தவறும்

என்னிடம் இருக்கும் லேத் என்னைவிட வயதில் மூத்தது. சாதாரணக் கடைசலுக்கு அது முகம் சுளித்ததே இல்லை. பார்ட்டிங் டூலைப் பொருத்தி இரும்புத் தண்டைத் துண்டிக்கப் போனால்தான் தகராறு. முதலில் ஒரு முனகல், பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். டூல் உள்ளே இழுக்கப்பட்டு முனை உடைந்திருக்கும். மூன்று முனைகளை இப்படிப் பறிகொடுத்தேன்.

டூலைத் தண்டை நோக்கி முன்னும் பின்னும் நகர்த்துவது கிராஸ் ஸ்லைடு. அதன் கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று சும்மாவே சுழலும். ஸ்லைடை நகர்த்தும் திருகின் புரி இடைவெளி, அதாவது ஒரு சுற்றுக்கான நகர்வு, 2 மி.மீ. என்பதால், அது ஓடும் நட்டில் அரை மி.மீ. தேய்மானம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று புது நட்டு செய்யக் கணக்குப் போட்டதில் ஒரு விடுமுறை நாள் போனது. ஆனால் அந்த ஆட்டம் ஸ்லைடு முன்னும் பின்னும் நகரும் திசையில் உள்ளது. எப்போதும் ஒரே பக்கமிருந்து அளவுக்கு வந்தால் அதோடு காலம் தள்ளலாம். டூலைச் சாய விடுவது பக்கவாட்டு ஆட்டம். அதை நான் அளக்கவே இல்லை.

நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்த அடியை, ஸ்லைடைத் தாங்கும் சாடிலில் ஒட்டி, முனையை ஸ்லைடின் பக்கவாட்டில் வைத்தேன். டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டில் ஒரு கம்பியைப் பொருத்தி இடமும் வலமும் தள்ளியபோது முள் 0.12 மி.மீ. நகர்ந்தது. ஸ்லைடுக்கும் அதன் தடத்துக்கும் நடுவே இடைவெளியை நிரப்பும் உலோகப் பட்டையான கிப் தளர்ந்திருக்கிறது என்று அதன் நான்கு திருகுகளையும் இறுக்கினேன். நடுவில் சரியாக இருந்த ஸ்லைடு, கடைக்கோடிக்குப் போனதும் சிமென்டில் புதைந்தது போல நின்றுவிட்டது. வேலை எப்போதும் அந்த நடுப்பகுதியிலேயே நடப்பதால் அங்கு மட்டும் தேய்ந்திருக்கிறது. ஓரங்கள் இன்னும் பழைய அளவிலேயே இருக்கின்றன. மறுபடியும் தளர்த்தினேன்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். கைப்பிடியைத் திசை மாற்றும்போது, நட்டின் ஆட்டம் தீர்ந்த பிறகும் இன்னொரு சின்ன ‘டிக்’. ஸ்லைடின் விளிம்பும் கிப்பின் முனையும் சேருமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினேன். ஸ்லைடு முதலில் நகர்ந்தது. கிப் ஒரு கணம் தாமதித்துப் பின்தொடர்ந்தது. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போலச் சேர்ந்தே போகவேண்டும்.

கிப்பை உருவிப் பார்த்தால் கதை முழுவதும் அதில் எழுதியிருந்தது. திருகு முனைகள் உட்கார வேண்டிய நான்கு கூம்புக் குழிகள் இருந்தன. ஆனால் எனக்கு முன்னால் இதை வைத்திருந்த யாரோ, தட்டை முனை கொண்ட ஆலன் திருகுகளைப் போட்டிருக்கிறார். அவை குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்பைச் சுற்றி உரசிய இடங்கள் பளபளவென்றிருந்தன. போதாததற்கு, கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் கிப் தொட்டில் போல ஆடியது. நடுத் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கியதில் வளைந்திருக்கிறது. அதில் என் பங்கும் இருக்கலாம்.

வைஸில் மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து, கொஞ்சம் அழுத்துவதும் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பதுமாக நிமிர்த்தினேன். திருகுகளைக் கை டிரில்லில் சுழலவிட்டு, சாணையில் உரசிக் கூம்பாக்கினேன். மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவியபோது வந்த கரிய குழம்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

மாட்டும்போது ஒவ்வொரு திருகையும் கைப்பிடி லேசாகக் கனக்கும் வரை திருப்பி, ஒரு மயிரிழை தளர்த்தி, ஆலன் சாவியால் அசையாமல் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்கினேன். சாவியை எடுத்துவிட்டு இறுக்கினால் நட்டு திருகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். இதற்காக நான்கு முறை வசைபாடிவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நடுவில் ஆட்டம் 0.03 மி.மீ.தான். கடைக்கோடியில் ஸ்லைடு சற்று முரண்டு பிடிக்கிறது. நான் அங்கே போவதே இல்லை. அதே தண்டை மறுபடி சக்கில் பிடித்துத் துண்டித்தேன். சீவல் நாடாவாகச் சுருண்டு வந்தது. கைப்பிடி இன்றும் கால் சுற்று சும்மா சுழல்கிறது.