மூன்று பீரியடுக்குள் இறுகாத கான்கிரீட்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் மூன்று கிரெடிட் பாடம் என்றால் 45 பீரியடு, ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஒன்பது பீரியடு என்பது எழுதிவைத்த வாய்பாடு. 2013, 2017, 2021 என ரெகுலேஷன்கள், அதாவது பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்புகள், மாறின. பாடங்கள் சேர்ந்தன, நீங்கின, பெயர் மாறின. இந்த வாய்பாடு மட்டும் பெரும்பாலான பாடங்களில் அப்படியே நிற்கிறது. ஒரே நாளில் புரிந்துவிடும் பகுதிக்கும், மாதக்கணக்கில் கையாண்டால்தான் பிடிபடும் பகுதிக்கும் அதே ஒன்பது பீரியடுதான். சிவில் துறையில் கற்பித்துக்கொண்டு, தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் பாடத்திட்டக் குழுவிலும் இருந்து வருகிற எனக்கு ஒரு விஷயத்தில் ஐயமே இல்லை. மாணவர் எதைக் கற்கிறார் என்பதை நாம் அச்சிட்டுத் தரும் பாடத்திட்டப் பக்கங்களைவிட வினாத்தாளும் கால அட்டவணையுமே தீர்மானிக்கின்றன. ஆகவே, அந்த இரண்டிலும் கை வைக்காமல் செய்யப்படும் பாடத்திட்டத் திருத்தம் வகுப்பறை வரை வந்து சேருவதில்லை.

வினாத்தாளின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பகுதி அ-வில் பத்து இரண்டு மார்க் வினாக்கள். பகுதி ஆ-வில் ‘அல்லது’ வைத்த ஐந்து 13 மார்க் வினாக்கள். பகுதி இ-யில் ஒரு 15 மார்க் வினா. யூனிட்டுக்கு இரண்டு சிறுவினாவும் ஒரு பெருவினாவும் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. எனவே மூன்று யூனிட்டை மட்டும் முழுமையாகப் படித்த மாணவருக்கு, சிறுவினாக்களில் 12, பெருவினாக்களில் 39 என 51 மார்க் கிடைத்துவிடும். ‘மூன்று யூனிட் பார்த்தால் போதும்’ என்று விடுதிகளில் மூத்த மாணவர்கள் சொல்லிக் கொடுப்பது சோம்பேறித்தனத்தால் அன்று. அது அந்த வினாத்தாளைச் சரியாகப் படித்தறிந்தவர்களின் முடிவு. இதில் இழப்பு என்னவென்றால், கைவிடப்படுகிற இரண்டு யூனிட்டுகள் பெரும்பாலும் மற்ற மூன்றையும் ஒன்றாக இணைப்பவையாக இருக்கின்றன. கட்டுமானப் பொருள்களின் வலிமை பற்றிய பாடத்தில், கணக்கு நீளமாக இருக்கிறது என்பதற்காகவே உத்திரத்தின் தொய்வைப் பற்றிய யூனிட்டை ஒதுக்கிவிட்டு வருபவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். உத்திரம் உடையாவிட்டாலும், அளவு மீறித் தொய்ந்தால் கட்டடம் பயனற்றுப்போகும் என்ற அடிப்படையை அறியாமலேயே அவர்கள் அந்தப் பாடத்தில் தேறிவிடுகிறார்கள்.

முழு மார்க் வாங்குபவர்களிடமும் வேறொரு இடைவெளி உண்டு. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு ஒரு கேண்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்ட உறுப்பு. அதற்குப் பெண்டிங் மொமென்ட் வரைபடம், அதாவது சுமையால் எந்த இடத்தில் எவ்வளவு வளைக்கும் திருப்பம் வருகிறது என்று காட்டும் படம், வரையச் சொன்னால் நன்றாகவே வரைகிறார்கள். சுவரை ஒட்டிய முனையில் மொமென்ட் மிகுதி என்று குறித்து, எதிர்க்குறியும் இடுகிறார்கள். அதே மாணவரிடம், ‘இந்த சன்ஷேடில் கம்பியை மேலே வைப்பாயா, கீழே வைப்பாயா?’ என்று கேட்டால், கணிசமானோர் கீழே என்கிறார்கள்; இரண்டு பக்கமும் தாங்கிய உத்திரத்தின் கணக்கையே அதிகம் போட்டுப் பழகியதால் வரும் விடை அது. தாம் இட்ட எதிர்க்குறி, கம்பி தாங்க வேண்டிய இழுவிசை மேற்புறத்தில் இருக்கிறது என்பதையே சொல்கிறது என்று அவர்களுக்கு எவரும் காட்டவில்லை. தளத்திலோ இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கம்பியைச் சரியாக மேலே கட்டியிருந்தாலும், கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்தால் கம்பி கீழிறங்கிவிடும். கான்கிரீட்டைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்றே சன்ஷேடு சுவரோரத்தில் முறியும். அனுபவமுள்ள மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும் இந்தச் செய்தி, அதற்கான கணிதம் முழுவதையும் படித்த பட்டதாரிக்குத் தெரியாமல் இருக்க நாம் விட்டுவிடக் கூடாது.

இவையெல்லாம் பாடத்திட்ட ஆவணங்களில் எழுதப்படாதவை அல்ல. பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினராக இந்தியா 2014-இல் ஆனது. கல்லூரிகளில் ஒரு பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்யக் கூடும் என்ற பாட விளைவுகளை எழுதுவதும், அவற்றைப் பட்டப்படிப்பு முழுவதற்குமான நிரல் விளைவுகளோடு 1, 2, 3 என்று எண்ணிட்டு இணைப்பதும் அதையொட்டி வேரூன்றின. நோக்கம் நல்லது, நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் ‘கான்கிரீட் கலவையை வடிவமைப்பார்’ என்று பாட விளைவில் எழுதிவிட்டு, தேர்வில் ‘கலவை வடிவமைப்பின் படிநிலைகளை விளக்குக’ என்று கேட்டால், மாணவர் படிநிலைகளை மனப்பாடம் செய்வார், வடிவமைக்க மாட்டார். கற்பித்தலும் மதிப்பீடும் விளைவோடு ஒத்திசைய வேண்டும் என்று கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் விளக்கமாக எழுதினார். நமது அட்டவணைகளில் எண்கள் ஒத்துப்போகின்றன. அந்த எண்கள் சுட்டும் செயல் வகுப்பறையில் நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் குழு இதைக் கான்கிரீட் ஆய்வகத்திலிருந்து தொடங்கியது. வழக்கமான ஆய்வக முறை எப்படியிருக்கும் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு சோதனைகள், முதல் சைக்கிள், இரண்டாம் சைக்கிள் என்று பிரிக்கப்பட்டிருக்கும். வாரம் ஒரு சோதனை, அது மூன்று பீரியடுக்குள் தொடங்கி முடிய வேண்டும், அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வாங்க வேண்டும். கான்கிரீட் மூன்று பீரியடுக்குள் இறுகாது என்பதால், சோதனைக்கான கனசதுரக் கட்டிகளான கியூப்களை ஆய்வக உதவியாளர் முன்னதாகவே வார்த்துத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார். மாணவர்கள் வந்து இயந்திரத்தில் வைத்து உடைத்து, அளவைக் குறித்துக்கொண்டு போவார்கள். என்ன கலவை, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் கரும்பலகையில் எழுதப்பட்ட தகவல்கள். போன ஆண்டு மாணவரின் ரெக்கார்டிலிருந்து அளவுகளைப் பெயர்த்து எழுதுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

மாற்றத்துக்கு முதல் தடையாகச் சொல்லப்பட்டது, வார்த்த கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வேண்டிய 28 நாள் காத்திருப்பு. அட்டவணையில் அதற்கு இடமில்லை என்று பலரும் நம்பினார்கள். உண்மையில் 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம்; வியாழக்கிழமை வார்த்த கியூபுக்கு 7 நாள் சோதனையும் வியாழக்கிழமை, 28 நாள் சோதனையும் வியாழக்கிழமை. அதே ஆய்வக நேரத்திலேயே எல்லாம் அடங்கிவிடும். ஒரு சோதனை ஒரே அமர்வில் முடிய வேண்டும் என்ற எழுதப்படாத விதிதான் தடையாக இருந்தது. அதை எடுத்தவுடன் செமஸ்டர் முழுவதும் ஒரே வேலையின் தொடர்ச்சியாக மாறியது.

இப்போது ஒவ்வொரு குழுவும் ஒரு நீர்–சிமெண்ட் விகிதத்தை, அதாவது சிமெண்டின் எடைக்குத் தண்ணீரின் எடை எவ்வளவு என்பதை, பொறுப்பேற்கிறது. ஒரு குழுவுக்கு 0.40, அடுத்ததற்கு 0.45, இப்படியே 0.60 வரை. கலவை வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை 10262-ஐப் பின்பற்றிக் கலவையைத் தாங்களே கணக்கிடுகிறார்கள். மணலில் உள்ள ஈரத்தைத் தாங்களே அளக்கிறார்கள். 150 மில்லிமீட்டர் அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 முறை கம்பியால் குத்தி, மறுநாள் காலை வகுப்புக்கு முன் வந்து அச்சைக் கழற்றி, எட்டுக் கிலோ எடையுள்ள கியூபைத் தங்கள் கையால் தொட்டியில் இறக்குகிறார்கள். அச்சைக் கழற்றும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது. சரியாகக் குத்தாத கியூபின் பக்கவாட்டில் ஹனிகோம்ப் (தேனடை போன்ற பொத்தல்கள்) விழுந்திருப்பதை அப்போதுதான் பார்க்கிறார்கள், 0.40 எடுத்த குழு, தண்ணீர் குறைந்த கலவையை அச்சில் நிரப்புவது எவ்வளவு பாடு என்பதை முந்தைய நாளே உணர்ந்திருக்கிறது. தளத்தில் ஆட்கள் ஏன் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றத் துடிக்கிறார்கள் என்பதற்கு நான் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இருபத்தெட்டாம் நாள் எல்லாக் குழுக்களின் அளவுகளும் ஒரே வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும் வளைகோடு மாணவர்களின் சொந்த எண்களிலிருந்து எழுகிறது. 1918-இல் கான்கிரீட் ஆய்வாளர் டஃப் ஆப்ராம்ஸ் வெளியிட்ட உறவு அது. எல்லாப் புள்ளிகளும் கோட்டில் விழுவதில்லை. 0.45 எடுத்த குழுவின் கியூப் 0.50-ஐவிடக் குறைவான சுமையில் உடைந்தால், மணலின் ஈரத்தைக் கழிக்க மறந்தார்களா, குத்தியது போதவில்லையா, கியூபின் முகம் சமமாக இல்லாமல் இயந்திரத்தில் சாய்வாக அமர்ந்ததா என்று அவர்களே தேடுகிறார்கள். எம்20 கலவையின் கியூப் 450 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்ற கணக்கு, சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனை 22,500 சதுர மில்லிமீட்டரால் பெருக்கி வருவது, அந்தத் தேடலின்போது ஒரு முறைகூடக் கரும்பலகையில் எழுதப்படாமலேயே மனத்தில் நின்றுவிடுகிறது.

நடைமுறைத் தொல்லைகள் இல்லாமல் இல்லை. கியூப் அச்சுகள் போதவில்லை. தொட்டியில் இடம் நெருக்கடி. செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர், சீட்டு எடுத்து ஒரு சோதனை செய்யும் முறையையே எதிர்பார்த்தார். வினாக்களை மாணவரின் சொந்த அளவுகளின் மேலேயே அமைத்தும், அறிமுகமில்லாத ஒரு தளத்தின் கியூப் முடிவுகளைக் கொடுத்து ‘இந்தக் கான்கிரீட்டை ஏற்பீர்களா?’ என்று கேட்டும் தேர்வை வடிவமைத்தோம். வாய்மொழித் தேர்வில் தமிழில் விளக்க விரும்பினால் தடையில்லை என்று சொன்னோம். ஆங்கிலத்தில் இரண்டு வரியோடு நின்றுவிடும் மாணவர், தன் கலவை ஏன் தோற்றது என்பதைத் தமிழில் ஐந்து நிமிடம் தெளிவாகச் சொல்வதைக் கேட்கும்போது, நாம் இதுவரை மதிப்பிட்டது மொழியையா, பொறியியலையா என்ற கவலை எழுகிறது. 2010-இலேயே சிவில், மெக்கானிக்கல் பாடப்பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கிய பல்கலைக்கழகம் நம்முடையது. வாய்மொழித் தேர்வில் இந்தச் சலுகை எங்கும் இருக்கலாம்.

சேர்ப்பது எளிது, நீக்குவதுதான் கடினம் என்பதைப் பாடத்திட்டக் குழுவில் அமர்ந்தவர் எவரும் ஒப்புக்கொள்வர். ஒவ்வொரு தலைப்புக்கும் அதைப் பல்லாண்டு கற்பித்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவருடைய குறிப்பேடும் இருக்கிறது. சிமெண்ட் தயாரிப்பின் ஈரமுறையைப் படம் வரைந்து விளக்கும் வினாவை நீக்க நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. இந்திய ஆலைகளில் பெரும்பாலும் உலர்முறையே நடப்பில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தும்கூட. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் மொத்த கிரெடிட்டை 160 ஆகக் குறைத்தது. கிரெடிட் குறைந்த இடத்தில் யூனிட்டுகளை நெருக்கி அடைப்பதற்கு மாறாக, ஆழமாகக் கற்க வேண்டிய சிலவற்றுக்கு அந்த நேரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதே என் வாதமாக இருந்தது, இன்றும் அதுதான்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794-இல் நில அளவைப் பள்ளியாக அமைந்தது என்பதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. இன்றும் சிவில் மாணவர்களின் பாடத்திட்டத்தில் யூனிட்டுக்கும் பெருவினாவுக்கும் கட்டுப்படாமல் மிஞ்சியிருப்பது, நிலத்தை நேரில் அளந்து பழகும் சர்வே கேம்ப் மட்டுமே. வெயிலில் கருவியைச் சமன்செய்து, சுற்றி வந்து, தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது அளவு பொருந்தாத மூடுபிழை அதிகமாக இருந்தால் திரும்பவும் நடந்து அளக்கும் அந்த நாட்களில் கற்றதைப் பழைய மாணவர்கள் பிசகாமல் சொல்கிறார்கள். அங்கே தவறான அளவு தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டியதில்லை.

2021 ரெகுலேஷனில் தியரிப் பாடங்களின் அகமதிப்பீடு 20-லிருந்து 40 மார்க்காக உயர்ந்தது பெரிய வாய்ப்பு. அந்த 40-ஐயும் செமஸ்டர் தேர்வின் சிறு நகல்களாலேயே நிரப்பிவிட்டால் வாய்ப்பு வீணாகும். அடுத்த குழுக் கூட்டத்தில் வலிமைப் பாடத்துக்காக நான் முன்வைக்கவிருப்பது இதுதான்: அகமதிப்பீட்டில் ஒரு பகுதிக்கு, ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் கட்டுமானத்தில் இருக்கும் ஒரு சன்ஷேடையோ படிக்கட்டையோ நேரில் அளந்து, அதன் பெண்டிங் மொமென்ட் வரைபடத்தை வரைந்து, கம்பி எங்கே இருக்க வேண்டும் என்று குறித்து, அங்கே கட்டப்பட்டிருக்கும் கம்பியோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். ஐந்து யூனிட்டுக்கும் சம இடம் தரும் வாய்பாட்டை அந்தப் பாடத்தில் கைவிட்டு, உத்திரத்துக்கும் தொய்வுக்கும் சேர்த்து 25 பீரியடு ஒதுக்கக் கேட்கவிருக்கிறேன்.