இலே-இஃபேல ஒரு பாபலாவோ வீட்ல

நைஜீரியாவுல இபாடன்ல இருந்து இலே-இஃபே போற ரோட்டைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நேரா விஷயத்துக்கு வரேன். உலகமே இங்கதான் ஆரம்பிச்சுதுன்னு யொரூபா மக்கள் நம்புற ஊர் இது. இஃபா குறி பாத்து வழி சொல்ற பாபலாவோ ஒருத்தர் வீட்ல உக்காந்து பாக்க, தெரிஞ்ச உள்ளூர்ப் பையன் மூலமா அனுமதி கெடச்சுது.

ஒரு அம்மா வந்தாங்க. "அபொரு அபொயே"ன்னு வணக்கம் சொன்னாங்க, அவ்ளோதான். உடம்புக்கு என்னன்னு பாபா கேக்கல, அவங்களும் சொல்லல. அந்த ஊர்ப் பணமான நைரா நோட்டு ஒண்ணை வாய்க்கிட்ட வச்சு அதுகிட்ட மெதுவா என்னமோ பேசிட்டு பாய் மேல வச்சுட்டாங்க. அப்புறம் பாபா ஒபெலே சங்கிலியை எடுத்து வீசினாரு, அதுல 8 விதை ஓடு கோத்திருக்கு, ஒவ்வொண்ணும் நிமிந்தும் விழலாம் கவுந்தும் விழலாம், அப்படிப் பாத்தா மொத்தம் 256 அமைப்பு வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒவ்வொரு பேருக்கும் ஏகப்பட்ட பாட்டு, அத்தனையும் வருஷக்கணக்கா குருகிட்ட இருந்து மனப்பாடம் பண்றது. விழுந்த அமைப்புக்கு உரிய பாட்டை ஆரம்பிச்சாரு. முன்னொரு காலத்துல இன்னார் இந்தக் கஷ்டத்தோட குறி கேக்க வந்தாரு, இதைப் படைக்கச் சொன்னாங்க, படைச்சாரு, இப்படி ஆச்சு... ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. அந்தம்மா கேட்டுக்கிட்டே இருந்தவங்க ஒரு இடத்துல சட்டுனு நிமிந்து பாத்து, இதுதான் என் கதைன்னாங்க. அதுக்கப்புறம்தான் பேச்சே.

எனக்கு இது ரொம்ப பிடிச்சிருந்தது. குழந்தை இல்ல, புருஷனோட சண்டைங்கற மாதிரி வாய்விட்டுச் சொல்ல முடியாத வேதனையை இங்க பத்து பேர் முன்னாடி ஒப்பிக்க வேணாம், எந்தப் பாட்டு பொருந்துதுன்னு முடிவு பண்றதும் பாபா இல்ல, வந்தவங்கதான். இன்னும் நுணுக்கமா கேக்கணும்னா வந்தவங்க ஒரு கைல சோழி, இன்னொரு கைல எலும்புத்துண்டுன்னு பாபாவுக்குத் தெரியாம மறைச்சுக்கறாங்க, சங்கிலி எந்தக் கையைச் சொல்லுதோ அதுதான் பதில். 2005லயே யுனெஸ்கோ இஃபாவை மனித குலத்தோட வாய்மொழிச் செல்வம்னு அறிவிச்சது, நேர்ல பாத்தா ஏன்னு புரியும்.

மார்க்கெட்ல அக்போ கஷாயம் விக்கிற அக்காங்ககிட்ட அப்படியே தலைகீழ். ஜெடிஜெடியா (மூல நோய்), காய்ச்சலா, எத்தனை நாளான்னு சத்தமா கேட்டு ஊத்திக் குடுப்பாங்க.

போறவங்க யொரூபா தெரிஞ்ச ஆளோட போங்க, பாட்டு நடக்கும்போது மட்டும் அர்த்தம் கேக்காதீங்க, ரெக்கார்ட் பண்ணணும்னா பாபாகிட்டயும் வந்தவங்ககிட்டயும் முன்னாடியே கேட்டுக்கோங்க.