டத்தோவின் சுயவிவரத்தில் ஒரு வரி

அந்த வரியை நீக்கச் சொன்னவர் டத்தோ. மலேசியாவில் அரச விருதாக வழங்கும் அந்தப் பட்டத்தாலேயே அவரைக் குறிப்பிடுகிறேன். ஆண்டறிக்கையின் அச்சுப் படியில் தம் சுயவிவரத்துக்கு நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தேவையில்லை என்று மலாயில் எழுதியிருந்தார். காலமெல்லாம் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கை. கோடு நேராக இருந்தது, அதன் அடியில் சுருக்கொப்பம், தேதி. அடிபட்ட வரி இதுதான்: சிகரெட் இறக்குமதி செய்து விநியோகிக்கும் ஒரு தனியார் நிறுவனத்திலும் அவர் இயக்குநர்.

எங்கள் வாடிக்கையாளரான நிறுவனத்துக்கும் சிகரெட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டத்தோ அங்கே இயக்குநர் வாரியத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார். என்னைப்போல் நிறுவனச் செயலாளர் வேலையில் இருப்பவர்களுக்கு ஆண்டறிக்கைப் பருவம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் விதி கேட்பவற்றை ஒன்றுவிடாமல் திரட்ட வேண்டும். வயது, தகுதி, மற்ற பொது நிறுவனங்களில் வகிக்கும் இயக்குநர் பதவிகள், வேறு இயக்குநருடனோ பெரிய பங்குதாரருடனோ குடும்ப உறவு, நிறுவனத்தோடு நலன் முரண், கடந்த 5 ஆண்டுகளில் குற்றத் தீர்ப்பு. சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனங்களில் வகிக்கும் பதவிகளை விதி கேட்பதில்லை. ஆகவே டத்தோ விதியை மீறவில்லை. நானும் மீறவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றுவரை என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான்.

அந்த வரியைச் சேர்த்தது எங்கள் அலுவலகத்தில் அப்போது பயிற்சியில் இருந்த பெண். நிறுவனப் பதிவகமான எஸ்எஸ்எம்மில் கட்டணம் கட்டினால் யாரும் எடுக்கக்கூடிய விவரம்தான் அது. கோடு இழுத்த படியைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இது பொய் இல்லையே?"

"பொய் இல்லை. விதி கேட்கவில்லை, அவ்வளவுதான்."

"அப்படியென்றால் மற்றதையெல்லாம் விதி கேட்டதா?"

அப்போதுதான் அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்த்தேன். தமிழ்ப்பள்ளி வாரியத் தலைவர். கோயில் திருப்பணிக் குழுத் தலைவர். ஏழை மாணவர்களுக்கு உதவும் அறக்கட்டளையின் அறங்காவலர். வர்த்தகச் சங்க ஆலோசகர். அமைச்சு ஒன்றின் ஆலோசனைக் குழு உறுப்பினர். இவற்றில் ஒன்றைக்கூட விதி கேட்கவில்லை. எல்லாம் டத்தோவின் அலுவலகமே எழுதி அனுப்பியவை, ஒன்றின்மீதும் பென்சில் படவில்லை.

"அது அவருடைய சுயவிவரம். எதைச் சொல்வது என்பது அவர் இஷ்டம்" என்றேன். அவள் மேற்கொண்டு பேசவில்லை. ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. டத்தோவைத் தொலைபேசியில் அழைத்தேன். அழைத்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேசாமல் நீக்கிவிட்டுப் போயிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள்.

அவர் கோபப்படவே இல்லை. "அங்கே நான் சிகரெட் விற்கவில்லை, அம்மா. எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்று சொல்கிறேன். இத்தனை வருடம் அரசாங்கத்தில் இருந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?" என்றார். பிறகு என் மகனின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார்.

இந்த மூன்று வாக்கியங்களைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அது அடக்கமாகக் கேட்டது, தன்னைக் குறைத்துச் சொல்லும் ஒரு பெரியவரின் பேச்சாக. வீட்டுக்குப் போகும்போது எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு யோசித்தபோது வேறு மாதிரிக் கேட்டது. அந்த நிறுவனத்தில் அவருடைய வேலை என்ன என்பதை அவர் துல்லியமாகச் சொல்லிவிட்டார். பள்ளி வாரியமும் ஆலோசனைக் குழுவும் வர்த்தகச் சங்கமும்தான் அவர் அங்கே கொண்டுபோன முதலீடு. அப்படியானால் நாங்கள் அச்சிட்ட பக்கத்தில் முதலீடு எல்லாம் இருந்தது, அது போய்ச் சேர்ந்த இடம் மட்டும் இல்லை.

அது 2023. 2022 ஜூலையில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்த மசோதாவில், 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட் விற்கவே கூடாது என்று இருந்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவுக்கு அது முரணாகலாம் என்று சட்டத்துறைத் தலைவர் தரப்பில் கருத்து வந்தது. 2023 நவம்பரில் அந்தப் பகுதி இல்லாமல் மசோதா மக்களவையில் நிறைவேறியது, சட்டமாகி 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. டத்தோவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் இருந்த ஆலோசனைக் குழு சுகாதார அமைச்சைச் சேர்ந்ததும் அல்ல. ஆனால் என் மகன் 2008இல் பிறந்தவன். அவனுடைய வகுப்பு முழுவதும் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தது, பிறகு வெளியே வந்துவிட்டது. செய்தியைப் படித்த அன்று என் நினைவுக்கு வந்தது டத்தோவின் பென்சில் கோடு. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது.

ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள் புகையிலை நிறுவனங்களில் அமர்வது இங்கே புதிதல்ல, சட்டத்துக்குப் புறம்பானதும் அல்ல. 1980 முதல் 1993 வரை சட்டத்துறைத் தலைவராக இருந்த டான் ஸ்ரீ அபு தாலிப் ஒத்மான், பிற்பாடு பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ மலேசியாவின் தலைவராக இருந்தார். அது ஆண்டறிக்கையிலேயே வெளிப்படையாக வந்தது, வேண்டியவர் படித்துக்கொள்ளலாம். அதை நான் மதிக்கிறேன். பெயர் தெரிந்தால் ஊர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். ஒரு காலத்தில் நாம் பார்த்த கால்பந்து லீக்குக்கே டன்ஹில் என்ற சிகரெட்டின் பெயர்தான். விளம்பரத்தையும் ஆதரவையும் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மனிதர்களின் பழக்கத்தை அப்படி நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. தெரிய வைக்கத்தான் முடியும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2005இல் ஏற்றது. அதன் 5.3ஆம் பிரிவு, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. 2008இல் வந்த வழிகாட்டிக் குறிப்புகள் இன்னும் நெருங்கிப் போகின்றன: சுகாதாரக் கொள்கையில் பங்குள்ள பொறுப்புக்கு வருபவர், புகையிலைத் தொழிலோடு தமக்கு இருக்கும், இருந்த தொடர்பைச் சொல்ல வேண்டும். அந்தப் பணியிலிருந்து விலகியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்தத் தொழிலுக்குப் போவதானால் அதையும் சொல்ல வேண்டும். என் மேசைக்கு வரும் படிவம் கேட்பது வேறு. இந்த மனிதரால் நிறுவனத்துக்குப் பாதகம் உண்டா என்று அது கேட்கிறது. 2023இல் நலன் முரண் விதியை இறுக்கினார்கள். அப்போதும் காக்கப்பட்டது பங்குதாரரின் பணம்தான். அது சரியே, பங்குச் சந்தையின் வேலை அது. இந்த மனிதரால் பொதுமக்களுக்குப் பாதகம் உண்டா என்று கேட்கும் படிவம் எதுவும் என் மேசை வழியாகப் போவதில்லை.

எங்கள் மேலாளரிடம் இதைச் சொன்னேன். "நீ பத்திரிகைக்காரி இல்லை. விதி கேட்காததை நீ எழுதத் தொடங்கினால் நாளைக்கு மதுபான நிறுவனம், சூதாட்ட நிறுவனம் என்று எங்கே நிறுத்துவாய்?" என்றார். சரியான கேள்வி. நம் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப ஒருவருடைய பக்கத்தில் வரி சேர்க்கும் செயலாளரை நானே நம்ப மாட்டேன். தவிர, டத்தோவின் அறக்கட்டளையால் கல்லூரிக்குப் போன பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பணம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்று அவர்களிடம் போய்க் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

மறு ஆண்டு நான் ஒன்று செய்தேன். எல்லா இயக்குநர்களின் சுயவிவரத்திலும் விதி கேட்பதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிட்டேன். பாரபட்சம் இல்லை என்று நினைத்தேன். டத்தோவே அழைத்தார். "கோயிலை ஏன் எடுத்துவிட்டீர்கள், அம்மா?" என்று கேட்டார், வருத்தத்தோடு. அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தக் கோயிலோடு உறவு. மேலாளர் போட்டுவிடச் சொன்னார், போட்டுவிட்டோம். பள்ளியும் ஆலோசனைக் குழுவும் கூடவே திரும்ப வந்தன.

போட்டால் எல்லாவற்றையும் போடுவோம், இல்லையென்றால் எதுவும் வேண்டாம், டத்தோ என்று அந்த அழைப்பிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வாடிக்கையாளர் கையைவிட்டுப் போயிருப்பார் என்கிறார் மேலாளர். போயிருக்க மாட்டார், ஒருவேளை டத்தோ சரி என்றுகூடச் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.