டோக்கியோல மூணு பாய் ரூமு

டோக்கியோ போய்ட்டு வந்தேன்னு சொன்னா எங்க ரங்கூன் ஆளுங்க கேக்கற முதல் கேள்வி "தங்கறதுக்கு எவ்ளோ ஆச்சு". ரெண்டாவது கேள்வி "சோறு கெடைச்சுச்சா". ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால இங்க எழுதிப் போட்டுர்றேன்.

ராத்திரிக்கு 3,500 யென். இத நம்ம பர்மா காசு சாட்டுல மாத்திச் சொல்லுன்னு மட்டும் கேக்காதீங்க, சென்ட்ரல் பேங்க் 2022ல டாலருக்கு 2,100ன்னு ஒரு ரேட்ட எழுதி வச்சிருக்கு, வெளில கடைத்தெருவுல வேற ரேட்டு ஓடுது, எத வச்சுக் கணக்குப் பண்றதுன்னு தெரியாமத்தான நாமளே அல்லாடறோம். டோக்கியோல ஆளுக்கு ஒரு ராத்திரி வாடகை 10,000 யென்ன தொட்டாத்தான் தங்கல் வரின்னு ஒன்னு போடுவாங்களாம். நம்ம ரூமு அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கல.

தம்பி அங்க முதியோர் இல்லத்துல வேலை பாக்கறான். 2021க்கு அப்புறம் நம்ம ஊரு புள்ளைங்க கும்பல் கும்பலா கெளம்பிப் போனதுல அவனும் ஒருத்தன், இப்ப ஜப்பான்ல பர்மாக்காரங்க எண்ணிக்கை ஒரு லட்சத்தத் தாண்டிருச்சு. அவன் இருக்கறது கம்பெனி குடுத்த ரூமு, வெளியாளத் தங்க வைக்கக் கூடாது. விசா பேப்பர்லயும் எந்தத் தேதில எங்க தங்கறேன்னு எழுதிக் குடுக்கணும், அதனால அவனே தேடிப் புடிச்சான். "அண்ணே, ரூம் சின்னதுதான், வந்து பாத்துட்டு அப்புறமா திட்டு"ன்னான். எடம் மினாமி-சென்ஜு. நரித்தா ஏர்போர்ட்ல இருந்து கெய்செய் ரயில்ல நிப்போரி வரைக்கும் வந்து, அங்க ஜோபான் லைனுக்கு மாறினா ரெண்டாவது ஸ்டேஷன், அவ்ளோதான். பெட்டியத் தூக்கிட்டு ஷின்ஜுக்கு பக்கம் அலைய வேண்டிய தலையெழுத்தே இல்ல.

ஸ்டேஷன்ல இருந்து தெக்க நடந்தா ஒரு நாற்சந்தி வருது, பேரு நமிதாபாஷி, கண்ணீர்ப் பாலம். பாலமும் இல்ல ஆறும் இல்ல, எல்லாத்தையும் மூடி ரோடு போட்டாச்சு. பக்கத்துலதான் அந்தக் காலத்துல கொலைத்தண்டனை குடுத்த மைதானம், கொஸுகப்பாரா. தண்டனைக்குப் போறவன அவன் வீட்டாளுங்க வழியனுப்பின எடமாம். செத்தவங்களுக்காக 1741ல வச்ச பெரிய கல்லு ஜிஸோ சாமி இன்னும் ரயில் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற கோயில்ல உக்காந்திருக்கு. அந்த மைதானத்துலதான் 1771ல சுகிதா கெம்பாக்குன்னு ஒரு டாக்டர் பொணத்த அறுக்கறத கூட நின்னு பாத்து, டச்சு புஸ்தகத்துல இருக்கற படம் சரியாத்தான் இருக்குன்னு கண்டுபுடிச்சு, அப்புறம் கூட்டாளிங்களோட சேந்து அத மொழிபெயர்த்துப் போட்டாரு. தம்பி இதெல்லாம் சொன்னப்ப ராத்திரி மணி பத்து, ரூமுக்கு நடந்து போய்ட்டு இருக்கோம். சொல்ற நேரமாடா இதுன்னு கேட்டேன்.

அந்த நாற்சந்தியத் தாண்டினா ஸான்யா. மேப்புல தேடாதீங்க, கெடைக்காது. 1966ல அந்தப் பேரையே விலாசத்துல இருந்து எடுத்துட்டாங்க, இப்ப கியோகாவா, நிஹோன்ஸுட்ஸுமின்னு வேற வேற பேர்ல இருக்கு. ஆனா ஜனங்க வாயில ஸான்யா ஸான்யாதான். போருக்கு அப்புறம் தெனக்கூலி ஆளுங்க வந்து குமிஞ்ச எடம் இது. விடிகாலைல மேஸ்திரி வண்டியக் கொண்டாந்து நிறுத்தி இன்னைக்கு இத்தன ஆளுன்னு ஏத்திட்டுப் போவான், 1964 ஒலிம்பிக்குக்கு டோக்கியோ ரோடும் ஸ்டேடியமும் கட்டின கைங்கள்ல பாதி, ராத்திரி வந்து படுத்தது இங்கதான்னு சொல்றாங்க. அவங்க படுக்கறதுக்குக் கட்டின சின்னச் சின்ன ரூமு லாட்ஜுங்கதான் வேலை கொறைஞ்சு ஆளுங்களுக்கு வயசானதும் காலியாகி, 2002 வேர்ல்டு கப் புட்பால் சமயத்துல இருந்து வெளிநாட்டு ஆளுங்களுக்கு கெஸ்ட் ஹவுஸா மாறுச்சு. வாடகை கம்மிக்குக் காரணம் இவ்ளோதான், பேய் கீய் ஒன்னும் இல்ல. (எங்க அத்தை கேட்டுச்சு, அதான் சொல்றேன்.)

இப்ப ரூமு. மூணு டடாமி, அதாவது மூணு பாய் விரிக்கற அளவு. டோக்கியோ பாய் ஒன்னு 88 சென்டிமீட்டருக்கு 176, மூணும் சேந்தா அஞ்சு சதுர மீட்டர் கூட வராது. கதவத் தொறந்தா செருப்பு கழட்ட ஒரு முழம் எடம், அதத் தாண்டினா பாய். மூலைல மடிச்சு வச்ச மெத்தை, நம்ம கோலிக்குண்டு மாதிரி ஏதோ உள்ள போட்டுத் தச்ச தலகாணி, முழங்கால் உசரத்துக்கு ஒரு பிரிட்ஜு, அது மேல டிவி, செவுத்துல ஏசி. ஜன்னல் இருக்கு, தொறந்தா பக்கத்து பில்டிங் செவுரு, கைய நீட்டுனா தொட்டுரலாம். கை கால நீட்டிப் படுத்துட்டே பிரிட்ஜு தொறக்கலாம், லைட்டு அணைக்கலாம், ஏசி ரிமோட்டு எடுக்கலாம், எந்திரிக்கவே வேணாம். முதல் நாள் ராத்திரி இது ரூமா பொட்டியான்னு இருந்துச்சு, அப்புறம் பாத்தா இதுல வேணாங்கற சாமான் ஒன்னு கூட இல்ல, வேணுங்கறது ஒன்னும் கொறையவும் இல்ல. நாள் பூரா ஓடா தேஞ்சு வர்ற ஆளு குளிக்கணும், துணி துவைக்கணும், கெடக்கணும், அந்த மூணையும் யோசிச்சுத்தான் கட்டிருக்கான். துணி துவைக்க கீழ காசு போடற மெஷின், 200 யென், காய வைக்கறதுக்கு தனியா 100. பெரிய ஓட்டல்ல ஒரு சட்டை தேச்சுக் குடுக்கறதுக்கு என்ன வாங்குவான்னு யோசிச்சுப் பாருங்க.

கதவுக்குப் பக்கத்துல ஒரு டார்ச்சு மாட்டிருக்கும், எந்தப் படிக்கட்டு வழியா ஓடணும்னு படம் போட்டு ஒட்டிருக்கும். முன்னாடின்னா கண்டுக்கவே மாட்டேன். 2025 மார்ச் 28 மண்டலே நடுக்கத்துக்கு அப்புறம் எங்க போனாலும் முதல்ல வெளியேற வழியத்தான் கண்ணு தேடுது. ஒரு ராத்திரி லேசா ஆடுச்சு, நான் டார்ச்ச கைல எடுத்துட்டு பாதி வழி எறங்கிட்டேன், ஹால்ல ஒரு தாத்தா சிகரெட்டு புடிச்சிட்டு டிவி பாத்துட்டு இருந்தாரு, என்னப் பாத்து தலைய ஆட்டிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பிட்டாரு.

உள்ள நுழையறப்ப பாஸ்போர்ட்ட வாங்கி காப்பி எடுத்தாங்க, அங்க குடியிருக்காத வெளிநாட்டுக்காரன்னா சட்டமே அப்படி. மத்த ஊர்க்காரன் ஒருத்தன் எனக்கு முன்னாடி நின்னவன் அதுக்குப் போயி மொனகிட்டு இருந்தான். ஏண்டா, எங்க ஊர்ல சொந்த அக்கா வீட்ல ஒரு ராத்திரி படுக்கணும்னாலே வார்டு ஆபீஸ்ல விருந்தாளி லிஸ்ட்ல பேரு குடுக்கணும், நடு ராத்திரில கதவத் தட்டி எண்ணிப் பாப்பாங்க, உனக்கு ஒரு காப்பி மெஷினு பெரிய கொடுமையா.

குளியல் விஷயத்துக்கு வருவோம், இதத்தான் ஆம்பளைங்க எல்லாம் ரகசியமா கேக்கறாங்க. ரூம்ல பாத்ரூம் கெடையாது, டாய்லெட்டு மாடிக்கு ரெண்டு, குளிக்கறதுக்கு கீழ் தளத்துல ஒரே பொது அறை, சாயங்காலத்துல இருந்து ராத்திரி பத்து பத்தரை வரைக்கும். துணியோட உள்ள போகக் கூடாது. ஒரு துண்டு கூட இடுப்புல கட்டிட்டு தொட்டில எறங்கக் கூடாது. நாம பொறந்ததுல இருந்து லுங்கியக் கட்டிட்டே தொட்டி ஓரமா நின்னு சொம்புல மோந்து ஊத்தி, அதுக்குள்ளயே சோப்புப் போட்டு, காஞ்ச லுங்கிய மேல மாட்டிட்டு ஈரத்த கீழ உருவற வித்தைல டாக்டர் பட்டம் வாங்கின சாதி. அந்த வித்தை அங்க செல்லாது. தம்பி சொன்னான், "அண்ணே, உன்ன யாரும் பாக்க மாட்டாங்க, நீதான் எல்லாரையும் பாத்துட்டு நிப்ப". கரெக்டா சொன்னான். முதல்ல குட்டி ஸ்டூல்ல உக்காந்து அழுக்கு போக சுத்தமா தேச்சுக் குளிக்கணும், அப்புறந்தான் தொட்டி, தொட்டி குளிக்கறதுக்கு இல்ல, ஊறறதுக்கு. தண்ணி சுட்டுப் பொசுக்குது, கால வச்சதும் எடுத்துட்டேன், பக்கத்துல ஒரு பெரியவரு கண்ண மூடிட்டு கழுத்து வரைக்கும் உள்ள கெடக்கறாரு. மெதுவா எறங்கி ஒரு அஞ்சு நிமிஷம் இருந்தா நாள் பூரா நடந்த வலி கால் வழியா எறங்கிப் போறது தெரியும். அதுக்கப்புறம் தெனம் நாலு மணி எப்ப ஆகும்னு காத்துட்டு கெடந்தேன். தெருவுல இருக்கற பொதுக் குளியல் கடைக்கும் ஒரு தடவை போனோம், டோக்கியோல அதுக்கு அரசாங்கமே ரேட்டு வைக்குது, 2024 ஆகஸ்ட்ல அத 550 யென் ஆக்குனாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நம்ம எடத்துல ஓசில கெடைக்கறப்ப எதுக்கு.

சோறு. மாட்டுக்கறி போட்ட சோத்துக் கிண்ணந்தான் அந்த ஊர்ல ரொம்ப மலிவு, நமக்கு ஆகாது, பர்மாக்காரங்கள்லயும் நெறைய பேரு மாடு தொட மாட்டாங்க, அதனால தம்பியும் அவன் கூட்டாளிங்களும் ஒரு வழி வச்சிருக்காங்க. ராத்திரி எட்டு மணிக்கு சூப்பர் மார்க்கெட்டுல ஒரு ஆளு ஸ்டிக்கர் கட்டோட வருவாரு, மீதமான டப்பா சாப்பாட்டு மேல பாதி வெலைன்னு ஒட்டிட்டே போவாரு, ஒரு கூட்டமே அவரு பின்னாடி ஒன்னும் தெரியாத மாதிரி நடந்து போகும். வறுத்த மீனு, சோறு, முட்டை எல்லாம் முன்னூறு யென்னுக்குள்ள. கெஸ்ட் ஹவுஸ் சமையக்கட்டுல சுடுதண்ணி கெட்டிலும் மைக்ரோவேவும் இருக்கு. அம்மா குடுத்து விட்ட பாலச்சாங்க (காஞ்ச எறா வறுவல்) அந்தச் சோத்துல பெரட்டிச் சாப்ட்டா வேற என்ன வேணும். மைக்ரோவேவ்ல மட்டும் வச்சுராதீங்க, மூணு மாடிக்கும் கருவாட்டு வாசம் ஏறிரும், அங்க எல்லாம் கதவு அட்டை மாதிரி.

அந்த சமையக்கட்டுலதான் நெரந்தரமா தங்கியிருக்கற பெரியவங்களப் பாப்பேன். என்ன மாதிரி பை மாட்டிட்டு வந்து போறவன் பாதி, மீதிப் பாதி வருஷக்கணக்கா அதே மூணு பாய்ல இருக்கறவங்க, முன்னாடி கட்டட வேலை பாத்து இப்ப அரசாங்க உதவிப் பணத்துல ஓட்டறவங்க. கல்யாணமாகாத, ஊருக்குத் திரும்பாத ஆளுங்க. எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கம் இருந்து கப்பலேறி வந்து ரங்கூன் அரிசி மில்லுல மூட்டை தூக்கினவரு, மேஸ்திரி குடுத்த ஒரே அறைல பகல் ஷிப்டு ஆளு எந்திரிச்சதும் ராத்திரி ஷிப்டு ஆளு அதே பாய்ல படுப்பாங்களாம். தாத்தாவுக்கு ஆளுக்கு மூணு பாய்னு சொல்லியிருந்தா ஜமீன்தாருன்னு நெனைச்சிருப்பாரு. எனக்கு கோவம் வந்தது வேற ஒரு விஷயத்துக்கு. ஏழை எடம் பாக்க வந்தேன்னு கேமராவத் தூக்கிட்டு ரெண்டு பசங்க, தெருவோரம் உக்காந்து குடிச்சிட்டு இருந்த கெழவரப் படம் புடிச்சானுங்க. அவரு வீட்டு வாசல் அது. நாமதான் ஒரு வாரம் ஒண்ட வந்தவங்க.

கரண்டு பத்தி ஒரு வார்த்தை, நம்மாளுங்க ரைஸ் குக்கரத் தூக்கிட்டுப் போற ஆளுங்க. அங்க 100 வோல்ட்டு, நம்ம 230. குக்கர் சோறு வேகறதுக்குள்ள விசா முடிஞ்சிரும். இன்னொன்னு, டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா பக்கம் 60, ஒரே நாட்டுல ரெண்டு. ஆதில டோக்கியோக்காரன் ஜெர்மன்ல மெஷின் வாங்கினான், ஒசாக்காக்காரன் அமெரிக்கால வாங்கினான், இன்னைக்கு வரைக்கும் அப்படியே ஓடுது. போன் சார்ஜருக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, தட்டையா ரெண்டு கால் பின்னு போதும்.

அம்மாச்சி இருந்திருந்தா இந்தப் பயணத்துக்கே விட்டிருக்காது. அதுக்கு ஜப்பான்னா 1942தான், தாத்தாமாருங்கள வேலைக்குப் புடிச்சிட்டுப் போன ஜப்பான். 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் நம்ம தன்பியுஸயாட்லதான வந்து முடியுது, மலாயால இருந்து கொண்டாந்த தமிழாளுங்க எத்தன பேரு அந்தக் காட்டுல போனாங்க. அந்தப் பாதைல ஓடின எஞ்சின் ஒன்னு, சி56 31ன்னு நம்பரு, டோக்கியோல யசுகுனி கோயில் பக்கத்து மியூசியத்து முன் ஹால்ல நிக்குது. தம்பி கூட்டிட்டுப் போனான். கருப்பு பெயின்ட்டு அடிச்சு பளபளன்னு வச்சிருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கல.

லீவு நாள்ல டகடனோபாபா. அங்க பர்மாக் கடைங்க நெறைய, குட்டி யாங்கோன், அதாவது குட்டி ரங்கூன்னே பேரு. நிப்போரில இருந்து யமனோத்தே லைன்ல நேரா போயிரலாம். மொஹிங்கா (மீன் கொழம்பு நூடுல்ஸ்) சாப்ட்டேன், லபெத் (ஊற வச்ச தேயிலை) வாங்கினேன், கடைக்கார அம்மா என் மூஞ்சியப் பாத்து ஜப்பான் மொழில பேச ஆரம்பிச்சு, நான் பர்மிய மொழில பதில் சொன்னதும் ஊரு எது தெரு எதுன்னு கேட்டு, காசு வாங்காம டீ குடுத்துச்சு. ரங்கூன்ல கலான்னு, அதாவது இந்தியாக்காரன்னு எளக்காரமா கூப்புடறவங்க இங்க என்னடான்னா சொந்தம் கொண்டாடறாங்க. அதே டகடனோபாபால இருந்து டோஸாய் லைன் ஏறினா மாறவே வேணாம், நிஷி-கசாய்ல போயி எறங்கலாம், அங்க 2000 வாக்குல கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியாக்காரங்க குடும்பம் குடும்பமா இருக்காங்க, தோசை கெடைக்குது, தெருவுல தமிழ் கேக்குது. ஆனா ரங்கூன் தமிழ்னு சொன்னா அவங்க மூஞ்சில ஒரு கேள்விக்குறி வருது பாருங்க, "அங்க இன்னும் நம்மாளுங்க இருக்காங்களா"ன்னு. இருக்கோம் தம்பி, இருக்கோம், கோயிலக் கட்டிட்டு ஆடித் திருவிழா நடத்திட்டு நல்லாவே இருக்கோம்.

அடுத்த வருஷம் அம்மாவக் கூட்டிட்டு வான்னு தம்பி நச்சரிக்கறான். அதுலதான் சிக்கல். அம்மாவுக்கு முட்டி வலி, தரைல போட்ட மெத்தைல படுத்தா எந்திரிக்க ஆள் வேணும், பொதுக் குளியல்னு சொன்னா பிளேனே ஏறாது. அதே தெருவுல கட்டில் போட்ட ரூமு, உள்ளயே பாத்ரூமோட, ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு இருக்கறதப் பாத்து வச்சிருக்கேன். ஏப்ரல்ல செர்ரிப் பூ சீசன்ல அதுவே ரெண்டு மடங்காம், அதனால நவம்பர்னு நான் சொல்றேன், குளிருன்னு அவன் சொல்றான், அம்மா என்னன்னா முதல்ல பாஸ்போர்ட்டு எடுத்துக் குடுங்கடா அப்புறம் சண்டை போடுங்கன்னுது.