என் வேலைக்கு ஆள் தேவை

ஆபீஸ் பேன்ட்ரியில் மைக்ரோவேவுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. டப்பா சூடாகும்வரை படிக்க ஏதாவது வேண்டுமே என்று படித்தேன். பதவி, வேலை விவரம், படிப்பு, வருடச் சம்பளம். பாதியில்தான் உறைத்தது, அது நான். பெயர் மட்டும் இல்லை. எங்கள் டீமில் அந்தச் சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்கிறவன் நான் ஒருவன்தான். இந்த விண்ணப்பம் பற்றி ஆதாரத்தோடு ஏதாவது சொல்ல விரும்புகிறவர்கள் தொழிலாளர் துறைக்கு எழுதலாம் என்று கீழே முகவரி வேறு. சம்பளத்தைச் சொந்த மாமனாரிடமே ஒரு சுற்று வளைத்துச் சொல்கிற ஆட்கள் நாம். அதை 10 வேலை நாள் சுவரில் தொங்கவிட்டார்கள்.

இது 2014 அக்டோபரில், அமெரிக்காவில், டாலஸில். கம்பெனி கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்கிறது என்று வீட்டில் சர்க்கரைப் பொங்கலெல்லாம் வைத்து முடித்திருந்தோம். முதலாளி ஒரு கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். வக்கீல் சொன்ன கதை வேறு. என் வேலையைச் செய்யத் தகுதியும் விருப்பமும் உள்ள உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி முதலில் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் பெர்ம். சுவரில் நோட்டீஸ், மாநில வேலைவாய்ப்புத் துறையில் 30 நாள் அறிவிப்பு, பேப்பரில் இரண்டு ஞாயிறு விளம்பரம். செலவு கம்பெனியுடையது, நானே கொடுக்கிறேன் என்றாலும் சட்டம் விடாது. வரும் விண்ணப்பங்களை எட்டிப் பார்க்கவும் கூடாது. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஆள் தேடுவார்கள், நான் அதில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

முதல் ஞாயிறு கேஸ் ஸ்டேஷனில் பேப்பர் வாங்கிக் காரிலேயே பிரித்தேன். நாலே வரி. அதில் சம்பளம்கூட இல்லை.

ஞாயிறு பேப்பர் என்றால் எனக்குத் திருச்சி வீட்டுத் திண்ணைதான். அக்காவுக்கு வரன் பார்த்த இரண்டு வருடமும் அப்பா சிவப்புப் பேனாவோடு ‘மணமகள் தேவை’ பக்கத்தில் குனிந்தே கிடந்தார். பிடித்ததற்கு வட்டம், ஓரத்தில் குறிப்பு: ‘தூரம்’, ‘ஒரே நட்சத்திரம்’, ‘சம்பளம் குறிப்பிடவில்லை’. சம்பளம் போடாத வரனை அவர் நம்பியதே இல்லை. அக்காவுக்கு நாமே விளம்பரம் கொடுத்தபோது வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கேட்டார்கள். ‘நல்ல குணமுள்ள’ என்பதை அப்பா அடித்தார். அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நான் சிரித்தேன். கேஸ் ஸ்டேஷன் வாசலில் அவளுக்கு போன் போடலாமா என்று தோன்றியது. ஊரில் ராத்திரி ஆகியிருந்தது. விளம்பரத்தை மட்டும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன்.

தகுதியான ஆள் யாரும் வரவில்லை. 2015 பிப்ரவரியில் கம்பெனி பெர்ம் விண்ணப்பம் போட்டது. அந்த நாள்தான் கிரீன் கார்டு வரிசையில் என் இடத்தைச் சொல்லும் பிரயாரிட்டி டேட், என் இரண்டாவது பிறந்த தேதி. அப்பாவுக்குப் பஞ்சாங்கம்போல் எனக்கு மாதாமாதம் விசா புல்லட்டின், எந்தத் தேதிக்காரர்வரை முறை வந்திருக்கிறது என்று அரசு போடும் பட்டியல். பெரிய நாடோ சின்ன நாடோ, வருடக் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் வரம்பு. நாலு பேர் வீட்டுக்கும் கல்யாணப் பந்திக்கும் ஒரே அளவுப் பானையில் உலை வைத்த மாதிரி. கொரோனா காலத்தில் மீந்த குடும்ப விசாக்கள் வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததால், 2022-இல் என் பிரிவான ஈ.பி.-2 இந்தியா வரிசை 2014 டிசம்பர் 1 வரை ஓடி வந்தது. எனக்கு மூன்றே மாதம் பாக்கி. கிரீன் கார்டுக்கான மெடிக்கல் செக்கப்புக்கு டாக்டரைக்கூட விசாரித்து வைத்தேன். அக்டோபர் புல்லட்டினில் அது 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. டிசம்பரில் 2011 அக்டோபர். வாசல்வரை வந்த மாப்பிள்ளை அழைப்பு திரும்பிப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

நடுவில் கம்பெனி மாறினேன். தேதி கூடவே வந்தது, பெர்ம் மட்டும் முதலிலிருந்து. இன்னொரு சுவர், இன்னொரு மைக்ரோவேவ். எச்-1பி என்ற வேலை விசா மும்மூன்று வருடமாக நீள்கிறது. வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள் என்ற கணக்கை நானும் மனைவியும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மற்றபடி செட்டிலாகிவிட்டோம். வீடு வாங்கியாயிற்று, சனிக்கிழமை புல் வெட்டுகிறேன், ஆலங்கட்டி மழை பெய்தால் கூரை இன்சூரன்ஸ் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். ஞாயிறு காலை காபி டம்ளரை எடுத்தால் மட்டும், பேப்பர் வந்து திண்ணையில் விழும் சத்தத்துக்குக் காது காத்திருக்கும்.

போன முறை ஊருக்குப் போனபோது அப்பாவின் பழைய ஃபைலைப் புரட்டினேன். அக்காவின் விளம்பரத்துக்கு அடியில் என்னுடையதும் இருந்தது. எந்தக் கடையிலோ பிரிண்ட் போட்டு வாங்கியிருக்கிறார். சுற்றிலும் சிவப்பு வட்டம். ஓரத்தில் அவர் கையெழுத்தில்: ‘சம்பளம் குறிப்பிடவில்லை’.