சத்தம் கேக்குதோ?

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு மூன்று தடவை வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்கள். மூன்றாவது தடவை, "சற்றலைற் அண்ணா, உங்கட பட்டப்பெயர் எப்படி வந்தது எண்டாவது எழுதித் தாங்கோ" என்று ஒரு தம்பி கெஞ்சியிருந்தார். சிலோன் றோட் செண்பக விநாயகர் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் செய்கிற செய்மதித் தொழிலால் வந்த பெயர் என்று என் மகள் நம்பிக்கொண்டிருக்கிறாள். தொழில் பிறகு வந்தது. பெயர் வந்தது 1991 மார்கழியில், யாழ்ப்பாணத்தில், குண்டுக்குப் பதுங்கும் ஒரு பங்கருக்குள்.

எங்கள் உயர்தர வகுப்புக்காரருக்கு அந்தப் பின்னேர வகுப்பு ஞாபகம் இருக்கும். கல்லூரி முடிந்தபின் பௌதிகவியல் சேர் தன் வீட்டு முற்றத்தில், மாமரத்தில் கரும்பலகையைச் சாத்திவைத்துப் படிப்பிப்பார். காசு வாங்கமாட்டார். மின்சாரம் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு பேருக்கு இரண்டு ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதுவே பெரிய ஆடம்பரம். முற்றத்து மூலையில் பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பங்கர்.

அன்றைக்கு இருட்டி அரை மணித்தியாலம் இருக்கும். நான் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினால் வடமேற்கில் ஒரு வெளிச்சம் நகர்ந்து வருகிறது. வெள்ளியைப் போலப் பிரகாசம். "பொம்மர்!" என்று கத்தினேன். அடுத்த கணம் பன்னிரண்டு பேரும் பங்கருக்குள். ஒருவனுடைய முழங்கை என் வாயில் பட்டு உதடு வெடித்தது. ஒரு விளக்கு கவிழ்ந்து எண்ணெய் மண்ணோடு போனது. சேர் மட்டும் முற்றத்து நடுவில் சாரத்தை மடித்துக் கட்டியபடி அண்ணாந்து நிற்கிறார்.

"சத்தம் கேக்குதோ?"

"இல்லை சேர்."

"மினுங்குதோ?"

"இல்லை."

"பிறகேன்ரா அதுக்குள்ள கிடக்கிறியள்? வெளியில வாங்கோ. அதுக்குள்ள ரெண்டு பேர் இருக்கினம்."

அது மீர். 1986 இல் சோவியத் ஒன்றியம் ஏவத் தொடங்கிய விண்வெளி நிலையம். ஒவ்வொருவராக ஊர்ந்து வெளியே வந்தோம். அந்த வெளிச்சம் தலைக்கு மேலால் ஆறுதலாகப் போய், தென்கிழக்கில் அரைவாசி வானத்தில் இருக்கும்போதே மங்கி இல்லாமல் போனது. "அணைஞ்சு போச்சு சேர்" என்று யாரோ சொன்னான். "அணையேல்லை. எங்கட நிழலுக்க போட்டுது" என்றார் சேர். எங்களுக்குச் சூரியன் மறைந்துவிட்டது, முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் இருப்பவனுக்கு இன்னும் மறையவில்லை; அதனால்தான் அவன் வெளிச்சமாய்த் தெரிகிறான்; பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அவனுக்கும் இருட்டு. செய்மதிகளைப் பொழுதுபட்டதும், விடியப்போகும்போதும் மட்டுமே பார்க்கலாம் என்பதற்கு அதுதான் காரணம். ஊர் முழுக்க வெளிச்சம் இல்லாததால் எங்கள் வானம் அப்படிக் கறுத்துக் கிடந்தது. அடுத்த மாதங்களில் எத்தனையோ செய்மதிகளை எண்ணினோம். கவிழ்ந்த எண்ணெய்க்குத் தண்டனையாகத்தான் எனக்கு 'சற்றலைற்'.

மறுநாள் கரும்பலகையில் ஈர்ப்பு விசையையும் மையநாட்ட விசையையும் சமப்படுத்தி வேகத்தை எடுக்கச் சொன்னார். செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வந்தது. "யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு எத்தனை செக்கன்?" நானூறு கிலோமீற்றரை வகுத்துப் பார்த்தால் ஐம்பத்திரண்டு. யாரும் சிரிக்கவில்லை. முன்வாங்கில் இருந்தவனின் அக்கா அந்தக் கிழமைதான் கொழும்புக்குப் போகப் பாஸ் எடுத்து, இரவு வள்ளத்துக்காகக் கிளாலிக் கரையில் காத்துக் கிடந்தா.

வானொலி கேட்பது அந்தக் காலத்தில் உடற்பயிற்சி. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவை டயரில் அழுத்தி, வயரை றேடியோவுக்குக் கொடுத்துவிட்டு ஒருவன் கையால் பெடலைச் சுற்றவேண்டும். வேகம் கூடினால் கரகரக்கும், குறைந்தால் அறிவிப்பாளர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். சேர் வீட்டில் நான்தான் ஆஸ்தான சுற்றுநர். சோவியத் ஒன்றியம் இல்லாமல் போன செய்தியும் என் கை சுற்றித்தான் அந்த வீட்டுக்குள் வந்தது. செய்தி முடிந்ததும் சேர் கேட்டார்: "அப்ப மேல இருக்கிறவன் எந்த நாட்டுக்காரன்?"

மேலே இருந்தவர்களில் ஒருவர் செர்கேய் கிரிக்கலேவ். 1991 மே மாதம் பைக்கனூரிலிருந்து போனவர். ஐந்து மாதத்தில் திரும்பியிருக்கவேண்டியவர், மாற்று ஆள் வராததால் தங்கிவிட்டார். அவர் பிறந்த லெனின்கிராட் இதற்கிடையில் சென் பீற்றர்ஸ்பேர்க் ஆகிவிட்டது. அனுப்பிய நாடு வரைபடத்திலேயே இல்லை. 311 நாள் கழித்து 1992 மார்ச் 25 ஆம் திகதி அவர் வந்து இறங்கிய மண் கசகஸ்தான் என்ற தனிநாடு. அதுவரை ஒவ்வொரு தடவை மீர் போகும்போதும் நாங்கள் கை காட்டினோம். அவருக்குத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் காட்டினோம்.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி இந்த மலரில் முன்னரே பலர் எழுதியிருக்கிறார்கள். நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் சேரைக் கண்டேன். சைக்கிள் காரியரில் அரிசிமூட்டையும், பொலித்தீன் பையில் சுற்றிய அந்த றேடியோவும். பேச நேரமிருக்கவில்லை.

நான் சிங்கப்பூருக்கு வந்தது 1998 இல். சிங்டெல்லும் தாய்வானின் சுங்வா டெலிகொமும் சேர்ந்து எஸ்டி-1 செய்மதியை ஏவிய வருடம் அது. எனக்குக் கிடைத்த வேலை ஒரு சிறிய நிறுவனத்தில், மொட்டைமாடிகளில் செய்மதித் தட்டுப் பொருத்துவது. புவிநிலைச் செய்மதிகள் எல்லாம் பூமத்தியரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பவை. சிங்கப்பூரோ பூமத்தியரேகையிலிருந்து ஒரு பாகையும் சொச்சமும்தான். ஆகவே ஐரோப்பாவில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிற தட்டு, இங்கே சோற்றுக்கு ஏந்திய கோப்பை மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கும். மழை பெய்தால் குளம். அடியில் துளை போட்டிருப்போம். ஒரு கட்டடத்தில் மைனா கூடு கட்டித் துளையை அடைத்துவிட்டது. கொசுப் புழு தேடி வந்த அதிகாரி ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பத்தடித் தட்டிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்துக் குப்பிக்குள் விட்டார். உள்ளே நெளிந்தன. அபராதக் கடிதம் முதலாளிக்கு, வசவு எனக்கு. விண்வெளித் தொழில்நுட்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் அனுபவம் அதுதான். அதற்குப்பிறகு இன்றுவரை எந்தத் தட்டைக் கண்டாலும் முதலில் அடியில் விரலை விட்டுப் பார்ப்பேன்.

சொல் விஷயத்தில் எங்கள் வீடு மூன்று நாடு. நான் செய்மதி என்பேன். என்னோடு வேலை செய்யும் திருச்சிக்காரர் செயற்கைக்கோள் என்பார். மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தது துணைக்கோளம். செய்த மதி செய்மதி, இதைவிடச் சுருக்கமாக ஒரு சொல்லை யார் செய்துவிடமுடியும் என்று நான் வாதாடுவேன். வீட்டில் எடுபடாது.

சிங்கப்பூர் சொந்தமாகச் செய்த முதல் செய்மதி எக்ஸ்-சாட். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎஸ்ஓ என்ற பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் சேர்ந்து செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ஏவுகலம் கொண்டுபோனது. 2015 டிசம்பரில் டெலியோஸ்-1 உட்பட ஆறு சிங்கப்பூர்ச் செய்மதிகள் ஒரே பிஎஸ்எல்வியில் போயின. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு: பெருநகரத்துக்காரர் செய்த பொருளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது சென்னைக்கு வடக்கே இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற ஒரு தீவு.

இந்தச் செய்மதிகளில் பல, துருவத்துக்கு மேலால் போகாமல் பூமத்தியரேகையை ஒட்டிச் சுற்றும்படி ஏவப்பட்டவை. சின்ன நாட்டுக்கு அது புத்திசாலித்தனம். துருவத்தால் போகிறது பூமி முழுவதையும் பார்க்கும், ஆனால் எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வரும். ரேகையை ஒட்டிப் போவது ஏறத்தாழ நூறு நிமிடத்துக்கு ஒரு தடவை தலைக்கு மேல் வந்துவிடும். மேகம்தான் தொல்லை. மத்தியானம் கறுக்காத நாள் இங்கே எத்தனை? டெலியோஸ்-1 இன் கமராவுக்கு மேகம் மேகமாகத்தான் தெரியும். அதனால்தான் 2023 ஏப்ரல் 22 இல் போன 741 கிலோ டெலியோஸ்-2 ராடாரோடு போனது. வௌவால் மாதிரி, தானே அலையை அனுப்பி எதிரொலியை வாங்கிப் படம் வரையும். மேகமும் இரவும் அதற்கு ஒன்றுதான். அன்றைக்கு நோன்புப் பெருநாள். மலாய்ச் சிநேகிதர் வீட்டில் ரெண்டாங் தட்டோடு இருந்து தொலைபேசியில் ஏவுதலைப் பார்த்தோம். சிநேகிதரின் அம்மா, மருமகனே, சாப்பிட்டுவிட்டுப் பார் என்று என் தட்டில் இன்னொரு கெத்துப்பாட் வைத்தா.

சேரைத் திரும்பக் கண்டுபிடித்தது 2010 இல். வன்னியெல்லாம் அலைந்து, பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார். மாமரம் இல்லை. மாதம் ஒருக்கால் கதைப்போம். 2019 ஜூனில் இலங்கையின் முதல் ஆராய்ச்சிச் செய்மதி ராவணா-1, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டபோது நான்தான் செய்தி சொன்னேன். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு இளம் பொறியியலாளர்கள் செய்தது. நேபாளத்தின் செய்மதியும் கூடவே போனது.

"என்ன நிறை?"

"ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, சேர்."

"ரெண்டு றாத்தல் பாண்" என்றார் உடனே. பெயரைப் பற்றி ஊரில் நடந்த சண்டையை நான் எடுத்தேன். "பேரை விடு. சிக்னல் வருதோ?"

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய அன்றும் அப்படித்தான். 2023 ஓகஸ்ட் 23, இங்கே இரவு எட்டரை. தேக்காவில் சாப்பாட்டுக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரே ஆரவாரம். அந்தச் சத்தத்துக்குள் சேருக்கு எடுத்தேன். அவர் கேட்டது 2019 இல் விழுந்த சந்திரயான்-2 ஐப் பற்றி. அரைக் கிலோமீற்றர்ச் சதுரமாக வைத்திருந்த இறங்கும் இடத்தை இந்தத் தடவை நாலு கிலோமீற்றர் நீளத்துக்கு விரித்திருந்தார்கள், கால்களையும் பலப்படுத்தியிருந்தார்கள் என்று சொன்னேன். "அதுக்குத்தான் புள்ளி" என்றார். விடை சரியென்றாலும் செய்கை எழுதாவிட்டால் அவரிடம் பூச்சியம்தான் என்பது உங்களுக்கும் ஞாபகமிருக்கும்.

மகளுக்கு நான் வானம் காட்ட முயன்றது பெரிய வெற்றியில்லை. 2016 இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் சிங்கப்பூர்தான் முதலிடம். இங்கே இரவு எவருடைய கண்ணும் முழு இருட்டுக்குப் பழகுவதில்லை. ஆனாலும் விண்வெளி நிலையம் அந்த வெளிச்சத்தையும் மீறித் தெரியும். எங்கள் புளோக் மொட்டைமாடி பூட்டியிருப்பதால் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சித் தளத்துக்குப் போவோம். சுனிதா வில்லியம்ஸ் எட்டு நாள் பயணமென்று போய் 286 நாள் கழித்து 2025 மார்ச்சில் திரும்பியபோது, "பாவம் அப்பா, எப்படி இருந்திருப்பா?" என்றாள். கிரிக்கலேவின் கதையைச் சொன்னேன். "அவருக்கு யார் பாஸ்போர்ட் குடுத்தது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வந்த புதிதில் என்னுடைய கடவுச்சீட்டுக்கு நான் பட்ட பாடு வேறு கதை.

2023 ஜூலை 30, ஞாயிறு காலை 9 மணிக்குச் சிங்கப்பூரின் டிஎஸ்-சார் என்ற 360 கிலோ ராடார்ச் செய்மதி போனது. 535 கிலோமீற்றர் உயரம், ரேகைக்கு 5 பாகைச் சரிவு. நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்தின் தெற்கு வானத்தால் போகிற அது, ஏழு நிமிடத்துக்குள் எங்கள் தலைக்கு மேல் வரும். சேருக்குச் சொன்னேன்.

"கண்ணுக்குத் தெரியுமோ?"

"சின்னன் சேர். உங்கட பக்கமும் இப்ப தெருவெல்லாம் வெளிச்சம்."

"நேரத்தைச் சொல்லு."

உங்கட நேரம் இரவு 7.10 என்றேன். சரியாக அந்த நிமிடம் அவரே எடுத்தார். முற்றத்தில் நிற்கிறார் என்பது சத்தத்தில் தெரிந்தது. பக்கத்து வீட்டு நாய் குலைத்தது. எண்பது தாண்டிய கண்.

"ஒண்டும் தெரியேல்லை. ஆனா போட்டுது. உன்ர பக்கம் வரமுன்னம் நிழலுக்க போயிடும், என்ன? அங்க இப்ப ஒன்பதே முக்கால் ஆகுதல்லோ."

"ஓம் சேர்."

நான் கார் நிறுத்துமிடத்து உச்சியில் நின்றேன். ஏழு நிமிடமும் இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை, பெரிதாக எதுவும் கதைக்கவுமில்லை. பிறகு,

"என்னடா சத்தம் கேக்குது?"

"பிளேன் சேர். சாங்கிக்கு இறங்குது."

"ஓ. அப்ப அது இல்லை."