ரிப்போர்ட் வந்துடுச்சு, அப்புறம்?

ஆஸ்பத்திரி ஆப் நல்லா இருக்குன்னா கலரும் டிசைனும் இல்லீங்க. ராத்திரி 11 மணிக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போன்ல வந்து விழுது. சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் அளவு பக்கத்துல சிவப்பு அம்புக்குறி. அவ்வளவுதான், தூக்கம் போச்சு! அதுக்குக் கீழேயே "லேசான ஏற்றம்தான், நாளைக்கு நான் பேசுறேன்"னு நம்ம டாக்டரே ரெண்டு வரி போட்டிருந்தா, அதுதான் சேவை.

அமெரிக்காவுல ரிப்போர்ட்டைத் தேவையில்லாம நிறுத்தி வைக்காம நோயாளிக்குக் காட்டணும்னு 2021 ஏப்ரல்லேர்ந்து விதியே இருக்கு. நல்ல விதி. ஆனா விளக்கம் சொல்ல ஆள் வேணுமே?

ஆஸ்பத்திரிகள் தகவல் பரிமாறிக்க எஃப்.ஹெச்.ஐ.ஆர்.னு ஒரு பொதுத் தரம் வந்து பல வருஷமாச்சு. இன்னமும் ஒவ்வொரு கவுன்டர்லயும் எந்த மருந்து ஒத்துக்காதுன்னு முதல்லேர்ந்து ஒப்பிக்கிறோம்.

ஓடிபி வர்றதுக்குள்ள வெளியே தள்ளிடுற ஆப்களைப் பத்தித் தனியாத்தான் புலம்பணும்.